ஐந்து மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுங்கள்

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்களைப் போன்ற கடைகளில் அதிகம் விற்பவை காய்ச்சல், தலைவலி மாத்திரைகள்தாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் முதலிடத்தில் நிற்பவை ரத்த அழுத்த மாத்திரைகளும் சர்க்கரை மாத்திரைகளுமே. உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கும் வசதிக்காரர்களின் நோய் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட உயர் ரத்த அழுத்தத்துக்கு, இன்று நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும், தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் கூலிக்கு இருப்பவர்களும், மில்லில் இரவு ஷிப்டு பார்ப்பவர்களும், மூட்டை தூக்குபவர்களும் மருந்துச் சீட்டோடு வந்து நிற்கிறார்கள். அவர்களில் நாற்பது வயது நிரம்பாதவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணிக்கை ஏறுவது கவலைக்குரியதுதான். ஆனால் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அதற்குரிய மாத்திரை மலிவாகவும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைத்து, அதன் பிறகும் அழுத்தம் கட்டுக்குள் வராமல் போகிறதே, அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கடையில் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் அதைப் பற்றியே விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1990இல் உலகம் முழுவதும் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 65 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. 2019இல் அது ஏறத்தாழ 128 கோடியாகி, இரு மடங்கை எட்டிவிட்டது. அவர்களில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்கிறார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 31.5 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்கள் 24 விழுக்காடு, பெண்கள் 21 விழுக்காடு என்று வந்தது. இரண்டும் வேறுபடுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் விழுக்காடு இறங்கத்தான் செய்யும். அதே குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு ஆண்களில் 30.2, பெண்களில் 24.8. நாட்டின் சராசரியைவிட நாம் மேலே இருக்கிறோம்.

இவற்றைக் காட்டிலும் முக்கியமான எண்கள் வேறு. 2017-18இல் நடந்த தேசியத் தொற்றா நோய்க் கண்காணிப்பு ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் 27.9 விழுக்காட்டினருக்கு மட்டுமே தமக்கு அது இருப்பது தெரிந்திருந்தது. சிகிச்சையில் இருந்தவர்கள் 14.5 விழுக்காடு. அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 12.6 விழுக்காடு. மருத்துவ வசதியில் முன்னிற்கும் தமிழ்நாட்டிலும், உலக சுகாதார அமைப்பு வகுத்த முறையில் தொற்றா நோய்களைக் கணக்கெடுக்கும் ஸ்டெப்ஸ் ஆய்வின் 2020ஆம் ஆண்டுச் சுற்றில், வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்க, அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினரே. நூறு நோயாளிகளில் தொண்ணூற்று இரண்டு பேருக்கு மேல், கண்டுபிடிக்கப்படாமலோ, மாத்திரை எடுக்காமலோ, எடுத்தும் அளவு குறையாமலோ இருந்தார்கள். தென் கொரியாவிலும் கனடாவிலும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கும் பெரும்பாலும் இதே வகை மாத்திரைகளைத்தான் கொடுக்கிறார்கள்.

ஏன் பெருகுகிறது என்பதற்குக் காரணங்கள் பல. முன்பைவிட அதிக வயது வரை வாழ்கிறோம். வயது ஏற ஏற ரத்தக் குழாய்கள் விறைப்படைந்து அழுத்தம் கூடுவது இயல்பு. உடல் எடை கூடுகிறது, நடை குறைகிறது, மதுவும் புகையும் இருக்கின்றன. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் அரைவயிற்றுக் கஞ்சியோடு பிள்ளை சுமந்த தாய்மார்களின் குழந்தைகள்தாம் இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிறார்கள். உழைக்கிற உடம்புக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் வலுவாக உண்டு. நாள் முழுக்க வெயிலில் வேலை செய்கிறவருக்கும் வருகிறது என்பதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம்.

உப்பைப் பற்றிச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. இந்தியர்கள் சராசரியாக எட்டு கிராம் அளவுக்கு உண்கிறார்கள். இதை எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு ஐந்து கிராம் என்றால் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஐம்பது நாள் வர வேண்டும். முப்பதே நாளில் தீர்ந்துபோனால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது என்று பொருள். கடையில் வாங்கும் அப்பளம், ஊறுகாய், கருவாடு, சாத்தூர்க் காராச்சேவு, மிக்சர், பரோட்டாச் சால்னா ஆகியவற்றில் இருப்பது இந்தக் கணக்கில் சேராது. பழைய சோற்றுக்கு மோர் மிளகாயும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு நாக்கு அந்த அளவுக்குப் பழகிவிட்டது. திடீரென்று உப்பில்லாமல் சமைத்தால் வீட்டில் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். சில வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கும் இணங்கி வரும். பொட்டலத் தின்பண்டங்களின் பின்புறத்தில் சோடியம் என்று ஓர் அளவு அச்சிட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். எழுத்து மிகப் பொடியாக இருப்பதால் வெள்ளெழுத்து வந்தவர்கள் அதைப் படிக்கவே முடிவதில்லை. பொட்டலத்தின் முன்புறத்தில் பெரிதாக அச்சிட வேண்டும் என்று பொதுச் சுகாதாரத் துறையினர் நெடுங்காலமாகக் கேட்டு வருவதை நானும் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

சோடியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் இப்போது கிடைக்கிறது. சீனாவில் அறுநூறு கிராமங்களில் ஏறத்தாழ இருபத்தோராயிரம் பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், இத்தகைய உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாபிரில், டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதற்கு மாறக் கூடாது. உடலில் பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இனி, கடையில் நடப்பதற்கு வருகிறேன்.

‘அண்ணாச்சி, பிரஷர் மாத்திரை அஞ்சு மட்டும் வெட்டிக் குடுங்க’ என்று கேட்பவர்கள் நிறைய. பத்து மாத்திரை உள்ள அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினால், மருந்தின் பெயர் ஒரு துண்டிலும், காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் நின்றுவிடும். தேதியும் தொகுதி எண்ணும் உள்ள துண்டு எங்களிடம் இருக்க வேண்டும் என்பதால் வாடிக்கையாளர் கைக்குப் போவது பெரும்பாலும் பாதிப் பெயர் மட்டும் உள்ள துண்டு. வீட்டில் அவருடைய பிரஷர் மாத்திரை, மனைவியின் சர்க்கரை மாத்திரை, வாயு மாத்திரை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கும். வெள்ளையாக, வட்டமாக இருப்பவை எல்லாம் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அடுத்த முறை வரும்போது காலியான துண்டைக் காட்டி ‘இதே மாதிரி’ என்று கேட்பார்கள். அதில் ஐந்து மில்லிகிராமா இரண்டரை மில்லிகிராமா என்று தெரிந்துகொள்ளவே வழி இருக்காது.

ஏன் ஐந்து மட்டும்? அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை, ஐந்து மில்லிகிராம் அளவில், ஒன்று சில ரூபாய்க்குள் கிடைக்கிறது. மாதம் முழுவதற்கும் வாங்கினாலும் நூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். ஆனால் அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பத்தில் நூறு ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பது வேறு, பதினைந்து ரூபாயை அவ்வப்போது எடுப்பது வேறு. ஐந்து மாத்திரை தீர்ந்ததும் அடுத்த நாளே வருவார் என்றால் அதுவும் சரிதான். சம்பளம் வரும் சனிக்கிழமை வரை காத்திருந்து வருகிறார்கள். இடையில் இரண்டு மூன்று நாள் மாத்திரை இல்லை. அட்டெனலால் போன்ற சில மாத்திரைகளை இப்படித் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் இதயத் துடிப்பும் முன்பைவிட எகிறும் அபாயம் உண்டு.

பணத்தைவிடப் பெரிய காரணம், ‘பார்த்தேன், நார்மல் ஆயிருச்சு, அதான் நிறுத்திட்டேன்’ என்பது. நூற்று எண்பதில் இருந்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு இறங்கியது மாத்திரையால்தான். மாத்திரை நின்றால் அது மறுபடி ஏறும். இதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் மனம் ஏற்க மறுப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை எடுத்தோம், காய்ச்சல் போயிற்று, நிறுத்தினோம் என்றுதான் நமக்குப் பழக்கம். வலியும் இல்லை, சோர்வும் இல்லை, ஒரு தொந்தரவும் இல்லாத உடம்புக்கு வாழ்நாள் முழுவதும் மருந்து என்பதை ஏற்பது எளிதன்று. தலை சுற்றினால் பிரஷர், சுற்றாவிட்டால் இல்லை என்று முடிவு செய்துகொள்பவர்கள் பலர். தலை சுற்றாத பல ஆண்டுகளில்தான் இதயத்தின் தசை தடித்துக்கொண்டும், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதடைந்துகொண்டும், மூளையின் சிறு ரத்தக் குழாய்கள் வலுவிழந்துகொண்டும் இருக்கின்றன. இன்னும் சிலர் பரிசோதனைக்குப் போகும் நாளன்று மட்டும் மாத்திரை எடுப்பதில்லை. எடுக்காமல் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும் என்பது அவர்கள் எண்ணம். மருத்துவர் ஏறிய அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டி எழுதிவிடுகிறார்.

பக்கவிளைவுகளைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புவதில்லை என்பதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அம்லோடிபின் எடுக்கும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். ‘காலில் நீர் இறங்கிவிட்டது, கிட்னி போய்விட்டது, எல்லாம் இந்த மாத்திரையால்தான்’ என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். எனலாபிரில் எடுக்கும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அவர்கள் மாதக்கணக்கில் இருமல் மருந்து வாங்கிக் குடிக்கிறார்களே தவிர, அது மாத்திரையால் வந்த இருமல் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் மாற்று மாத்திரைகள் உண்டு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு, கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் இடம் கிடைப்பதில்லை.

எங்கள் கடைகள் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் எடுப்பவர்கள் கிராமங்களில் மிகுதி. நாற்று நட்டும் களை எடுத்தும் தேய்ந்த முழங்கால்களுக்கு அவை உடனடியாக நிவாரணம் தருகின்றன. ஆனால் அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பல பிரஷர் மாத்திரைகளின் வேலையை மட்டுப்படுத்தும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலையில் பிரஷர் மாத்திரையும் மாலையில் வலி மாத்திரையுமாக எடுப்பவருக்கு அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று மருத்துவர் தேடிக்கொண்டிருப்பார். வலி மாத்திரையைக் கடையில் வாங்குவதை அவர் மருத்துவரிடம் சொல்லியிருக்க மாட்டார். மூக்கடைப்புக்குத் தரும் ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரைகள், உடம்பு தேற வேண்டும் என்று தொடர்ந்து எடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள், நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் பொங்கவிட்டுக் குடிக்கும் சோடா உப்புப் பொடிகள் ஆகியவையும் இதே தீங்கைச் செய்யக்கூடியவை. இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் கேட்பவரிடம், ‘உங்களுக்கு பிரஷர் இருக்கிறதா’ என்று ஒரு கேள்வி கேட்க வேண்டியது கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொருவருடைய கடமை என்று உறுதியாக நம்புகிறேன். அந்தக் கேள்வியால் ஒரு விற்பனை போனாலும் போகட்டும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து விநியோகிப்பதால்தான் கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிரஷர் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. தொற்றா நோய்களுக்கான அரசுத் திட்டத்தில் இதய நோய், உயர் ரத்த அழுத்தத் தடுப்புப் பகுதி முதலில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்ட இரு மாவட்டங்கள் சிவகங்கையும் எங்கள் விருதுநகரும்தான். 2012 முதல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. இருந்தும் 2020இன் ஆய்வில் 7.3 விழுக்காடு என்று வந்ததற்குக் காரணம், நோயாளி நிலையத்தைத் தேடிப் போக வேண்டியிருந்ததுதான் என்பது என் கருத்து. மாத்திரை இலவசம்தான். ஆனால் அதை வாங்க மாதம் ஒரு நாள் பேருந்து ஏறி, வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். தீப்பெட்டி ஆபீசில் செய்த வேலைக்குத்தான் கூலி என்பதால், வராத நாளுக்கு எதுவும் இல்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் இந்தத் தடையைத்தான் நேராகப் பார்த்தது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் கருவியோடு வீடு தேடி வந்து அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே தெருவைச் சேர்ந்த பெண் என்பதால், போன மாத அட்டையில் மிச்சம் இருந்தால் ‘ஏன் மதினி, மாத்திரை அப்படியே இருக்கு’ என்று அவரால் உரிமையோடு கேட்க முடிகிறது. மருத்துவராலும் முடியாது, என்னாலும் முடியாது. ஸ்டெப்ஸ் ஆய்வின் அடுத்த சுற்றில் கட்டுக்குள் இருந்தவர்கள் 17 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஏழிலிருந்து பதினேழு என்பது பெரும் முன்னேற்றம். எண்பத்து மூன்று பேர் இன்னும் வெளியே இருக்கிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது.

அந்த எண்பத்து மூன்று பேரில் முப்பது முதல் ஐம்பது வயது வரையிலான ஆண்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். தன்னார்வலர் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டும்போது அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். பெண்களாவது பிள்ளைப்பேறு, தடுப்பூசி என்று சுகாதார நிலையத்துக்குப் போய் வந்து, போகிற போக்கில் அழுத்தமும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆணுக்கு அப்படியொரு சந்தர்ப்பமே அமைவதில்லை. பரிசோதனையைப் பணியிடங்களுக்குக் கொண்டுபோகும் முயற்சியும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல் சிறு தறிக்கூடம், லாரி ஷெட், செங்கல் சூளை வரை வர வேண்டும்.

இதில் எங்களைப் போன்ற மருந்துக்கடைகளுக்கும் ஓர் இடம் உண்டு. இரவு பத்து மணி வரை திறந்திருப்பது ஊரில் எங்கள் கடைதான். வேலை முடிந்து வரும் ஆண்கள் வந்து நிற்பதும் அங்கேதான். ஒரு நாற்காலி, மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று, பருமனான கைக்கு ஏற்ற அகலப் பட்டை ஒன்று, இவ்வளவு இருந்தால் போதும். வந்தவுடன் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணிக்குள் டீயோ சிகரெட்டோ கூடாது. கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. இரண்டு முறை பார்த்து, 140க்கு 90 என்ற அளவை எட்டியிருந்தால் வேறொரு நாள் மறுபடி பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நாங்களாக மாத்திரை கொடுத்துவிடக் கூடாது. மேல் அழுத்தம் பத்துப் புள்ளி இறங்கினாலே பக்கவாதம் வரும் வாய்ப்பு கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மருந்து நிறுவனங்களிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் தமிழிலும் சேர்த்து அச்சிடுங்கள். ஐந்து மாத்திரையாக வாங்கும் வாழ்க்கை உடனே மாறிவிடப் போவதில்லை. வெட்டிக் கொடுக்கும் துண்டிலாவது தாம் விழுங்குவது இன்னதென்று அவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.